வடக்கே தெரிந்த வெள்ளை மேடு

முகத்துவாரக்குப்பத்தில் படகு ஏறும்போது குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஐந்து மாதக் குழந்தை. ஒரு கையில் அவள், மறு கையில் சேலைக் கொசுவம், முழங்கால்வரை தண்ணீர். காலை எட்டு மணிக்கே அந்தத் தண்ணீர் யாரோ விளாவி வைத்ததுபோல வெதுவெதுவென்று இருந்தது.

படகுக்காரர் பெயர் தேசப்பன். ஐம்பது வயதிருக்கும். கையை நீட்டி முதலில் குழந்தையை வாங்கிக்கொண்டார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினார்.

"கைக்கொயந்தைய வச்சினு அந்தாண்ட எங்கம்மா போறீங்க? அங்க யாரு வூடு கீது?"

"யாரு வூடும் இல்லண்ணா. மணல்மேட்டுக்குப் போறோம்."

"மேட்டுக்கா? மேட்டுல இன்னா கீது?"

எனக்குப் பின்னால் ஏறிய என் நாத்தனார் மோனிக்கா, தூங்குகிற குழந்தையின் பக்கம் குனிந்து, "சொல்லுடி கண்ணு, உங்கப்பன பாக்கப் போறோம்னு சொல்லு" என்றார்.

தேசப்பன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தக் கரையில் வெறும் மணலும் சவுக்கும்தான். அங்கே எந்த அப்பன் உட்கார்ந்திருப்பான் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். கழியை ஊன்றித் தள்ளினார்.

ஆறு கடலில் சேருகிற இடம் அது. தெற்குக் கரையில் எண்ணூர். குப்பம், மாதா கோயில், பஸ், டீக்கடை எல்லாம் உண்டு. வடக்குக் கரை காட்டுப்பள்ளித் தீவு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறும் கால்வாயும் ஏரியும். நடுவில் நீளமாகக் கிடக்கும் மணல். சென்னைக்காரர்கள் பலருக்கு இப்படி ஒரு தீவு பக்கத்தில் இருப்பதே தெரியாது. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கும் அந்த வாரம்வரை தெரியாது.

காலைத் தாளில் ஒரு பெயர்

கப்பல் சரக்கு இறக்குவதற்கான காகித வேலைகளைச் செய்யும் ஒரு சிறிய அலுவலகத்தில் அப்போது நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். மண்ணடியில், மாடிப்படிக்கு அடியில் பாதி நுழைந்த அறை. தினமும் காலையில் துறைமுகத்திலிருந்து ஒரு தாள் வரும். எந்தக் கப்பல் எந்தத் துறையில் நிற்கிறது, எந்தெந்தக் கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரம் போட்டுக் காத்திருக்கின்றன என்று அதில் வரிசையாக இருக்கும். அதைப் பார்த்துத் தட்டச்சு செய்து முதலாளி மேசையில் வைப்பது என் முதல் வேலை.

என் கணவர் சகாயம் கப்பலுக்குப் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. எனக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். அவர் போனது வெளிநாட்டுக் கொடி போட்ட பழைய சரக்குக் கப்பல். முதலில் சிங்கப்பூரிலிருந்து ஒரு கடிதம், பிறகு இன்னொரு ஊரிலிருந்து ஒன்று. அப்புறம் எதுவும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை அந்தத் தாளைத் தட்டிக்கொண்டே வந்தேன். காத்திருக்கும் கப்பல்களின் வரிசையில், கீழிருந்து இரண்டாவதாக, அவருடைய கப்பலின் பெயர். விரல் தானாக அதை அடித்து முடித்துவிட்டது. அடுத்த வரிக்குப் போன பிறகுதான் என்ன அடித்தேன் என்று எனக்கு உறைத்தது.

அன்று அரை நாள் விடுப்பு எடுத்தேன். கல்மண்டபம் மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்கினேன். வீட்டுக்குப் போய்ப் போர்வைகளைத் துவைத்துப் போட்டேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அடுப்பைக் குறைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன்.

அவர் அன்று வரவில்லை. அந்த வாரம் வரவில்லை. அந்த மாதமும் வரவில்லை.

கப்பல்மேல் வழக்கு. கப்பலின் சொந்தக்காரர் எந்த நாட்டிலோ யாருக்கோ கட்ட வேண்டியதைக் கட்டாமல் காணாமல் போய்விட்டார். வழக்கு முடியும்வரை கப்பல் நகரக் கூடாது. கப்பலைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் கப்பலிலேயே இருக்க வேண்டும். அப்படி நிறுத்தப்பட்ட ஒன்பது பேரில் அவரும் ஒருவர். அவருடைய மாலுமிப் புத்தகம் கேப்டனிடம் இருந்தது. அனுமதி இல்லாமல் இறங்கினால் அந்தப் புத்தகம் போய்விடும். பிறகு எந்தக் கப்பலும் ஏற்றிக்கொள்ளாது. போலீஸ் வேறு.

ஊருக்கு எதிரிலேயே, கடலில், பார்க்கிற தூரத்தில் நிற்கிறார். வீட்டுக்கு வர முடியாது. இதை அக்கம்பக்கத்தில் யாரிடம் சொன்னாலும் நம்பவில்லை. "இன்னா ரெஜினா கத வுடுற, ஹார்பருக்கு வந்த ஆளு வூட்டுக்கு வர முடியாதா?" என்று கேட்டார்கள்.

காசிமேட்டில் தெரிந்தவர்களின் விசைப்படகு ஒருமுறை கப்பலுக்குப் பக்கத்தில் போனது. கம்பிக்கு மேல் அவர் எட்டிப் பார்த்து ஏதோ கத்தினாராம். காற்றில் ஒன்றும் காதில் விழவில்லையாம். "தாடி வச்சினு கீறாரு" என்று வந்து சொன்னார்கள். அந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டு பல நாள் இருந்தேன். அவரைத் தாடியோடு நினைத்துப் பார்க்க முயன்று முயன்று, தாடி இல்லாத முகமும் கலைந்து போனது.

குழந்தை பிறந்ததும் அப்படித்தான். அரசு மருத்துவமனையின் கடற்கரைப் பக்கத்து வார்டு. ஜன்னலில் உப்புக்காற்று. ஏழெட்டு கிலோமீட்டருக்கு அப்பால் அவர் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். பெண் குழந்தை என்ற செய்தி அவருக்குப் போய்ச் சேர ஒன்பது நாள் ஆனது. கப்பலுக்குத் தண்ணீரும் அரிசியும் கொண்டுபோகும் லாஞ்சில் பாஷா என்று ஒருவர் வேலை செய்தார். அவர்தான் சீட்டு கொண்டுபோனார்.

குழந்தையிடம் சொல்லப்பட்டவை

மோனிக்கா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். தாய் இறந்தபோது தம்பிக்கு எட்டு வயது. காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை செய்து அவரை வளர்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எத்தனை முறை சோப்பு போட்டுக் கழுவினாலும் அவர் விரல்களில் இறால் வாடை இருக்கும். பூசைக்குப் போகும்போது மட்டும் கையில் பவுடர் பூசிக்கொள்வார்.

கப்பல் இங்கே வந்து மாட்டிக்கொண்டது என்று தெரிந்த நாளிலிருந்து அவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே வீடு, இரண்டு அறை, ஒரு அடுப்பு. என்ன சொல்ல வேண்டுமென்றாலும் சுவரிடம் சொல்வார், பானையிடம் சொல்வார். குழந்தை பிறந்த பிறகு குழந்தையிடம் சொல்வார்.

"உங்கம்மாவுக்குப் பூண்டுக் குழம்பு வச்சிருக்கேன், துன்னச் சொல்லு."

"உங்கம்மா மருந்து குடிக்கல, பாத்தியா?"

பத்தியச் சாப்பாடு, வெந்நீர், இரவெல்லாம் தொட்டில் ஆட்டுவது, எதிலும் குறை வைக்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். என் கணவரைக் கப்பலுக்குப் போகச் சொன்னது நான். திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தார். அலுவலகத்தில் தினமும் கப்பல் பெயர்களை அடிக்கிறவளுக்கு, தன் கணவனும் அதில் ஒன்றில் ஏறி நாலு ஊர் பார்த்து வந்தால் என்ன என்று ஆசை. ஏஜெண்டைக் கண்டுபிடித்ததும் நான், படிவம் நிரப்பியதும் நான்.

இன்னொன்றும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

பென்சில் கடிதம்

குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனபோது பாஷா ஒரு கடிதம் கொண்டுவந்தார். இயந்திர அறைப் பதிவுத்தாளின் பின்பக்கம், பென்சிலால் எழுதியது.

ஊர்ப் பக்கம் பார்த்தால் புகையும் கட்டடங்களும் கலங்கலாகத்தான் தெரிகின்றன. வடக்கே, எண்ணூர் முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம், கரையில் ஒரு மணல்மேடு மட்டும் வெள்ளையாக, பளிச்சென்று தெரிகிறது. இரண்டாவது அதிகாரியிடம் பைனாகுலர் இருக்கிறது, கேட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த மேட்டில் வந்து நில். சிவப்பாக ஏதாவது கட்டிக்கொள். எங்கள் கப்பல் மற்றதிலிருந்து தள்ளி, வடக்கே தனியாக நிற்கும். பச்சை நிறம், பாதி துரு.

இவ்வளவுதான். 'முடிந்தால்' என்றுகூட எழுதவில்லை. முடியும் என்று அவருக்குத் தெரியும்.

என்னிடம் சிவப்புச் சேலை இல்லை. பக்கத்து வீட்டு கௌரி, அம்மன் கோயிலுக்கு மாலை போடும்போது கட்டுகிற சிவப்புச் சேலையைக் கொடுத்தாள். "அம்மா இன்னா உன்ன கோச்சிக்கப்போறாளா? கட்டினு போ" என்றாள். நான் அதைக் கட்டிக்கொண்டு அதிகாலைப் பூசைக்குப் போனபோது மாதா கோயிலில் ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

மோனிக்கா அக்காவிடம் கடிதத்தைக் காட்டவில்லை. அடுக்களை மேடையில் விரித்து, காற்றில் பறக்காமல் டம்ளரை அதன்மேல் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது இரண்டு பாட்டில் தண்ணீர், ரொட்டி, அவித்த முட்டை, குழந்தைக்கு மாற்றுத் துணி எல்லாம் பையில் இருந்தன. "பெரியம்மாவும் வரேன்னு சொல்லு" என்று குழந்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தைக்கு அவர் அத்தை முறை. ஆனாலும் தன்னைப் பெரியம்மா என்றுதான் சொல்லிக்கொள்வார்.

நடை

தேசப்பன் எங்களை இறக்கிவிட்டு, வடக்கே கையைக் காட்டினார். "கடலோரமாவே போங்க. கல்லு கொட்ற எடம் வரும், லாரி போவும், பாத்து தாண்டுங்க. அதுக்கு அப்பால சவுக்குத் தோப்பு. தோப்புக்குப் பின்னால மேடு. ரெண்டு மணிக்குள்ள வந்துருங்க. அப்பால தண்ணி இழுப்பு சாஸ்தியாயிடும், என்னால கொண்டாற முடியாது."

அப்போது அங்கே புதிதாகத் துறைமுகம் கட்டத் தொடங்கியிருந்தார்கள். மலைக் கற்களைச் சுமந்துகொண்டு லாரிகள் வரிசையாக வந்து கடலில் கொட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கல் விழும்போதும் சத்தம் நம் காலுக்கு வந்த பிறகுதான் காதுக்கு வரும். குழந்தை விழித்துக்கொண்டு கண்ணை அகலத் திறந்து பார்த்தாள். அழவில்லை.

ஈர மணலில் நடக்கும்வரை சிரமமில்லை. லாரிப் பாதையைத் தாண்டியதும் காய்ந்த மணல். என் செருப்பு வார் அறுந்தது. வெறுங்காலோடு பத்தடி வைத்ததும் சுட்டது. அடப்பங்கொடி படர்ந்த இடமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தேன். மோனிக்கா அக்கா தன் செருப்பைக் கழற்றி எனக்கு முன்னால் போட்டுவிட்டு நடந்தார். அவர் பாதம் ஐஸிலும் உப்பிலும் நின்று காய்த்துப் போனது. இருந்தாலும் சூடு சூடுதானே. நான் போட்டுக்கொண்டேன்.

சவுக்குத் தோப்பில் நிழல் இருந்தது. காற்று ஊசி இலைகளுக்குள் புகுந்து, தூரத்தில் ரயில் போவது மாதிரி ஒரு சத்தம். அங்கே உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கணுக்காலைத் தேய்த்துக்கொண்டார். மணி பத்தேகால்.

"நேரமாவுதுன்னு சொல்லுடி" என்றார் குழந்தையிடம்.

மேட்டின் மேல்

மேடு மூன்று மாடி உயரம் இருக்கும். இரண்டடி ஏறினால் ஒரு அடி சறுக்கும். பாதியில் அக்காவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் குழந்தையை மார்போடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு, ஒரு கையை மணலில் ஊன்றி ஊன்றி ஏறினேன்.

உச்சியில் நிமிர்ந்ததும் காற்று முகத்தில் அறைந்தது.

வேடிக்கை பார்க்க வந்தவர்களாக இருந்தால் அங்கிருந்து இறங்க மனம் வராது. கிழக்கே முழுக் கடல். மேற்கே ஆறும் ஏரியும் வெயிலில் தகரம்போல மின்ன, அதில் இறால் பிடிக்கிறவர்கள் கறுப்புப் புள்ளிகளாகக் குனிந்து நின்றார்கள். வடக்கே கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை மணல், பனை மரங்கள். தெற்கே திரும்பினால் புகைபோக்கிகள், அவற்றுக்குப் பின்னால் எங்கள் ஊர், சாம்பல் நிறத்தில் ஒரு கோடாக. பிறந்ததிலிருந்து நான் இருந்த இடமெல்லாம் அந்தக் கோட்டுக்குள் இருந்தது.

இதையெல்லாம் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். அப்போது கடலைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

ஆறு கப்பல்கள் நின்றன. ஐந்து தெற்கே கூட்டமாக. ஒன்று மட்டும் வடக்கே தள்ளி, தனியாக. பச்சையா கறுப்பா என்று தெரியவில்லை. நீட்டிய கையில் கட்டை விரலை உயர்த்தினால் நகத்துக்குள் மறைந்துவிடும். அதில் ஒரு மனிதன் நிற்கிறான், நிற்பான், என்னைப் பார்ப்பான் என்று நினைக்கவே முடியவில்லை. ஆனால் வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

கட்டை அவிழ்த்து, குழந்தையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தோள் நடுங்க ஆரம்பித்தது. இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கினேன். ஏதாவது பதில் வரும் என்று எதிர்பார்த்தேன். சங்கு ஊதுவார்கள், கொடி ஏற்றுவார்கள், குறைந்தபட்சம் கொஞ்சம் புகையாவது வரும். அந்தக் கப்பல் நிறுத்தி வைத்த படம்போல அசையாமல் நின்றது. குழந்தை வீறிட்டு அழுதாள். அது எனக்கு எங்கோ யாரோ அழுவதுபோலக் கேட்டது.

அப்போது மணல் சரியும் சத்தம் கேட்டது. மோனிக்கா அக்கா நாலு காலில் தவழ்ந்து மேலே வந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை, உதட்டில் மணல். எழுந்து நின்று, மூச்சு வாங்கி, என் முகத்தைப் பார்த்தார்.

"குடு. நான் தூக்கறேன்" என்றார். "நீ முந்தானைய விரிச்சு ஆட்டு."

ஏறக்குறைய எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் நேராகச் சொன்ன வார்த்தை அது.

அவர் குழந்தையைத் தூக்கிப் பிடித்தார். நான் கௌரியின் சிவப்புச் சேலை முந்தானையை இரண்டு கையிலும் விரித்தேன். காற்று அதைப் பாய்போலப் பிடித்து என்னையே இழுத்தது. நாங்கள் இருவரும் அந்த உச்சியில், யாருமே இல்லாத தீவில், ஒரு நகத்தளவு கப்பலுக்கு முன்னால் நின்றோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம்.

முதலில் தண்ணீர் தீர்ந்தது. பிறகு குழந்தை அழுவதை நிறுத்தினாள்.

அக்கா அவளைக் கீழே இறக்கி, உதட்டைத் தொட்டுப் பார்த்தார். நெற்றியில் கை வைத்தார். "புள்ள வாடுது. எறங்கலாம்."

"இன்னும் கொஞ்ச நேரம்க்கா."

"எறங்கு ரெஜினா."

"இப்பத்தான் பாக்க ஆரம்பிச்சிருப்பாரோ இன்னாவோ. பைனாகுலர் இப்பத்தான் கெடச்சிதோ இன்னாவோ."

அவர் கோபப்படவில்லை. குழந்தையைத் தன் முந்தானைக்குள் மூடிக்கொண்டு, மெதுவாகச் சொன்னார். "அவன் வருவான். நாளைக்கு வருவானோ அடுத்த வருசம் வருவானோ, வருவான். அன்னிக்கு இவள அவன் கையில நாம குடுக்கணும்."

நான் இறங்கினேன். பாதி இறங்கியதும் சவுக்குத் தோப்பு கடலை மறைத்துவிட்டது. அந்த இடத்தில் எனக்கு வந்த ஏக்கத்தை எழுத வார்த்தை தேடிப் பல வருடம் ஆகிறது. பசி மாதிரி இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

திரும்பும் வழியில்

தோப்பில் மறுபடி பால் கொடுத்தேன். குழந்தை குடித்தாள். அக்கா கடைசிச் சொட்டுத் தண்ணீரை விரலில் தொட்டு அவள் கண் இமையில் தடவினார்.

"நீ போவச் சொன்னேன்னு எனக்குக் கோவம் இல்ல" என்றார். "ஆம்பள நாலு எடம் போய்த்தான் ஆவணும். எங்கிட்ட அவன் ஒரு வார்த்த சொல்லல. எட்டு வயசுலேர்ந்து வளத்தவ நான். கப்பலுக்குப் போறான்னு தெருமொன கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அத்தத்தான் தாங்க முடியல."

யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போது சொன்னேன். "நான்தான் சொல்ல வேணாம்னேன் அக்கா. நீங்க தடுத்துருவீங்கன்னு."

அவர் நிமிரவில்லை. காய்ந்த சவுக்கு இலைகளைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். அறை விழும் என்று நினைத்தேன்.

"தெரியும்" என்றார் கடைசியில். "அவனுக்கு எங்கிட்ட மறைக்கத் தெரியாது. யாரோ சொல்லிக் குடுத்தாத்தான் உண்டு." பிறகு எழுந்தார். "நாக்கு வறண்டு கெடக்குது, பேசினு ஒக்காராத. நட."

கரையில் தேசப்பன் வீட்டிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்திருந்தார். படகு நடு ஆற்றுக்கு வந்ததும், "பாத்தீங்களாம்மா?" என்றார்.

"பாத்தோம்" என்றார் அக்கா.

"அவுரு உங்கள பாத்தாரா?"

அக்கா குழந்தையின் முகத்தில் விழுந்த வெயிலை முந்தானையால் மறைத்தார்.

வந்த பிறகு

இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், தெருமுனைக் கடைக்காரர் என் அலுவலகத்துக்கு போன் செய்தார். "உங்க வூட்டுக்காரரு வந்து கீறாரும்மா."

வழக்கு முடிந்து இறக்கிவிட்டிருந்தார்கள். நான் போனபோது வீட்டில் ஒரு பிளாஸ்டிக் பையோடு, பாதி உடம்பாக உட்கார்ந்திருந்தார். குழந்தை அவரைப் பார்த்து அழுது அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அக்கா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவளை அவர் மடியில் வைத்தார். அப்புறம் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

மறுநாள் காலையில் கேட்டேன். "அன்னிக்கு மேட்டுல நின்னோமே, பாத்தியா?"

"பாத்தேன்" என்றார். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அவ்வளவுதான். கப்பலில் இருந்த மாதங்களைப் பற்றி அவர் பேசவே இல்லை. பார்க்கவில்லை, என் மனம் நோகக் கூடாது என்று பொய் சொல்கிறார் என்றே நான் முடிவு செய்துகொண்டேன். மறுபடி கேட்கவில்லை. அவரும் மறுபடி கடலுக்குப் போகவில்லை. திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை கிடைத்தது.

எல்லா வீட்டிலும்போலச் சண்டை, சமாதானம், பள்ளிக்கூடம், காய்ச்சல் என்று வருடங்கள் போயின. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே பாயில் பக்கத்தில் படுத்திருந்த எந்த நாளிலும், அந்த மேட்டில் நின்றபோது அவரைத் தேடியதுபோல நான் தேடவில்லை. சில சமயம், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, அவர் உள்ளே ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கும்போது, அந்த மேட்டில் நின்றவளை நினைத்து எனக்கே ஏக்கமாக இருக்கும்.

மகளுக்குப் பத்து வயதானபோது அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். மூன்று பேரும் போனோம். அக்காவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. இந்த முறை படகு வேண்டியிருக்கவில்லை. சுற்றிக்கொண்டு போகிற சாலை வந்துவிட்டது. அதன் முடிவில் ஒரு பெரிய கேட். காவலாளி, பாஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்றார். கம்பி வழியாகப் பார்த்தேன். கல் கொட்டிய இடம் துறைமுகமாகிவிட்டது. சவுக்குத் தோப்பு இல்லை. மேடு இருந்த இடம் தட்டையாக, உலர்ந்த களம்போல இருந்தது.

திரும்பி வந்து முகத்துவாரத்துப் பாறைகளில் உட்கார்ந்து, கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டோம். மகள்தான் கேட்டாள். நான் பத்து வருடமாகக் கேட்காததை, வாயில் சோற்றை வைத்துக்கொண்டு.

"நைனா, நெஜமாவே எங்கள பாத்தியா நீ?"

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். எதிரே கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பாத்தேன். செவப்பா ஒண்ணு, அதுக்கு மேல சின்னதா ஒண்ணு. நீதான்னு தெரிஞ்சுது. ஒரு நிமிசம் பாத்திருப்பேன். பக்கத்துல ஒரு பர்மாக்காரன் நின்னுனு இருந்தான். பைனாகுலர ஒரே ஒரு தபா குடுன்னு கேட்டான். குடுத்தேன். அவன் பாத்துட்டு, எம் பொண்டாட்டியும் இப்படித்தான் நிப்பான்னு சொன்னான். அவங்கிட்டேர்ந்து ஒரிசாக்காரன் வாங்கினான், சமையல்காரன். அவன் பாத்துனே அழுவறான். அப்புறம் ஒவ்வொருத்தனா வந்துட்டான். இஞ்சின் ரூம்ல இருந்தவங்க, யாராண்டயும் பேசாத கேப்டன், எல்லாரும். யாரும் கண்ண உட்டு எறக்க மாட்டேங்கறான். எப்படிப் புடுங்கறது? ஒரு வருசமா வூட்டு ஆளுங்களையே பாக்காதவங்க. மத்த எட்டுப் பேரையும் சுத்தி எங்கிட்ட திரும்பி வந்தப்ப, மேட்டுல யாரும் இல்ல."

மகள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"இத்த ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"எனக்காக வந்து நின்ன. நான் ஒரு நிமிசந்தான் பாத்தேன்னு எப்படிச் சொல்றது?"

"சொல்லி அனுப்பியிருந்தா அடுத்த வாரமும் வந்திருப்பேனே."

"சொல்லி அனுப்பலாம்னுதான் பாத்தேன். அந்த வாரம் லாஞ்சு வரல." டப்பாவை மூடிப் பையில் வைத்தார். "அடுத்த ஞாயித்துக்கெழம, இருந்த தண்ணியில எல்லாரும் குளிச்சாங்க. ஷேவ் பண்ணாங்க. நல்ல சட்டையா பாத்துப் போட்டுனு, பத்து மணிக்கே வந்து கம்பியோரமா வரிசையா நின்னுட்டாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ராயபுரத்தில், மொட்டை மாடியில், கௌரியின் சிவப்புச் சேலையைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.